தண்டையார்பேட்டை டு அவலாஞ்சி: ரூம் தேடுற டைரி

டிசம்பர் 8, 2025

பிப்ரவரி 6 வெள்ளிக்கிழமை நீலகிரி எக்ஸ்பிரஸ்ல நாலு ஸ்லீப்பர் கன்ஃபார்ம் ஆயிடுச்சு. அறுபது நாளைக்கு முன்னாடி காலைல எட்டு மணிக்கு ஓபன் ஆகும்னு போனை கைல வச்சிகினே உக்காந்திருந்தேன். நான், சித்தி பொண்ணு, எதிர்வீட்டு அக்கா, அந்த அக்காவோட தங்கச்சி. நாலு பேரும் லேடீஸ், நாலு பேருக்கும் தண்டையார்பேட்டைதான். ஊட்டின்னாலே போட்டிங்கா, சாக்லேட்டான்னு கேக்குறாங்க. நாங்க போறது ஊட்டில இருந்து தள்ளி அவலாஞ்சி பக்கம் இருக்குற தேவர்பெட்டா மலை ஏறுறதுக்கு. வனத்துறை 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 ரூட்டு திறந்தாங்களே, அதுல ஒண்ணு இது.

தேதி யோசிச்சுதான் வச்சோம். ஏப்ரல், மே போனா ரூம் வாடகை ரெண்டு மடங்கு மூணு மடங்கு. மழைக்காலம் வேணவே வேணாம், 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பேஞ்ச இடம் அது. பிப்ரவரி பாதிக்கு மேல காட்டுத்தீ சீசன்னு ட்ரெக்கிங்கை நிறுத்துவாங்க, இந்த வருஷமும் நிறுத்தினாங்க. அதனால நடுவுல கிடைச்ச சந்து இதுதான்.

டிரெயினுக்கு கவலை இல்ல, இங்க மெட்ரோ ஏறினா சென்ட்ரல்ல இறங்கிடலாம். ரூம்தான் பெரிய வேலை. ஒரு ஆளுக்கு ஒரு நைட்டுக்கு ஐந்நூறுக்கு மேல போக முடியாதுன்னு நாலு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்.

டிசம்பர் 14

லீவு நாள் பூரா போன்ல தேடினேன். அவலாஞ்சி பக்கத்துலன்னு போட்டா முதல்ல வர்றதெல்லாம் ரிசார்ட், ஒரு நைட்டுக்கு ஆறாயிரம் ஏழாயிரம், கேம்ப் ஃபயர் ஃப்ரீயாம். காட்டு ஓரத்துல கேம்ப் ஃபயர் எதுக்குங்க?

கம்மி ரேட்டுலயும் சிலது வந்துச்சு. காட்டுக்குள்ளயே தங்கலாம், யானை பக்கத்துல வரும்னு எழுதியிருக்காங்க, லைசென்ஸ் பத்தி ஒரு வரி இல்ல. அந்த மாதிரி எடத்துல எனக்கு ஓசில குடுத்தாலும் வேணாம். 2021 ஜனவரில மசினகுடில ஒரு தங்கும் விடுதிகிட்ட வந்த யானை மேல எரியுற டயரை வீசி, அந்த யானை காதெல்லாம் வெந்து செத்துப்போச்சு, அந்த வீடியோ பாத்துட்டு அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல. அதுக்கு முன்னாடியே 2018ல அந்த பக்கத்து யானை வழித்தடத்துல இருந்த ரிசார்ட்டுங்களை மூடச்சொல்லி சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருந்துச்சு. நம்ம துட்டு கம்மியா இருக்கலாம், அதுக்காக யானை போற வழில கட்டின ரூம்ல போய் படுக்கணும்னு இல்ல. எதிர்வீட்டு அக்காவும் இதையேதான் சொன்னாங்க, அதனால ஊருக்குள்ள இருக்குற ரூம் மட்டும்தான் பாக்குறதுன்னு ஆயிடுச்சு.

டிசம்பர் 21

ஊட்டி பஸ் ஸ்டாண்ட் சுத்தி இருக்குற லாட்ஜுக்கெல்லாம் போன் பண்ணேன். ஒரு எடத்துல நாலும் லேடீஸான்னு கேட்டுட்டு, கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையான்னு ரெண்டாவது வாட்டி கேட்டுட்டு, ரூம் இல்லம்மான்னு வச்சிட்டாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு சித்தி பொண்ணு வீட்டுக்காரரை விட்டு அதே தேதிக்கு கேக்க சொன்னோம், ரூம் இருக்குன்னாங்க. எவ்ளோ கோவம் வந்துச்சு தெரியுமா. சம்பாதிக்கிறோம், டிக்கெட் போடுறோம், மலை ஏறுறோம், ஒரு ரூமுக்கு மட்டும் ஆம்பளை குரல் வேணுமாம்.

இன்னொரு எடத்துல வாடகை மேல 12 பெர்சன்ட் ஜிஎஸ்டி சேத்து சொன்னாங்க. நான் பில்லிங்ல வேலை செய்யுறவ, செப்டம்பர் 22ல இருந்து 5 தான் சார்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் ஆமாம்மான்னாங்க. யாரா இருந்தாலும் இதை கேட்டு வாங்குங்க, ரூம் வாடகை 7500 வரைக்கும் 5 தான்.

ஊட்டி எட்டின்ஸ் ரோட்டுல ஒய்டபிள்யூசிஏங்குற பெண்கள் சங்கத்தோட ஆனந்தகிரி விடுதி இருக்கு, அங்க டார்மிட்டரியும் இருக்கு, லேடீஸ் மட்டும் போறதுக்கு மனசுக்கு தெம்பான எடம்னு ஏற்கனவே போயிட்டு வந்தவங்க சொன்னாங்க. அதை மனசுல போட்டு வச்சிருக்கேன்.

ஜனவரி 4, 2026

இன்னைக்கு நோட்டு எடுத்து கணக்கு போட்டு பாத்தேன், அதுலதான் விஷயம் பிடிபட்டுச்சு. ஊட்டில எவ்ளோ சீப்பா படுத்தாலும் அங்க இருந்து அவலாஞ்சி இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல. காலைல ஏழு மணிக்கெல்லாம் ட்ரெக்குக்கு அங்க ரிப்போர்ட் பண்ணணும், அந்த நேரத்துக்கு நம்பி போற மாதிரி பஸ் இல்ல, ஜீப் வைக்கணும், அவங்க கேட்டது ரெண்டாயிரத்து ஐந்நூறு. ரூம்ல மிச்சம் புடிச்ச துட்டெல்லாம் ஜீப்புக்கு போயிடும். கெய்ர்ன் ஹில் மாதிரி ரூட்டுன்னா ஊட்டிலயே தங்கலாம், டவுன்ல இருந்து நடந்தே போயிடலாம். அவலாஞ்சிக்கு அந்த கணக்கு ஒத்து வராது.

அதனால இப்ப நான் ரூமை தேடல, பஸ்ஸை தேடுறேன். ஊட்டில இருந்து எமரால்டுக்கு பஸ் போகுது, டேம் இருக்குற ஊரு, அவலாஞ்சிக்கு அந்த பக்கமாத்தான் போகணும். முந்தின நாள் சாயங்காலம் பஸ் புடிச்சு அங்க போய் படுத்துட்டா காலைல ஜீப்புக்கு கொஞ்ச தூரம்தான். ஆனா எமரால்டுல சின்ன ரூமுன்னு போன்ல தேடினா ஒண்ணுமே வரல.

ஜனவரி 11

கிடைச்சிடுச்சு! எங்க கொத்தவால்சாவடி பக்கத்துல ஊட்டி காய் எறக்குற கடைக்காரரு ஒருத்தரை சித்தப்பாவுக்கு தெரியும், அவருக்கு கேரட் அனுப்புறவரு எமரால்டு ஆளாம். அவர்கிட்ட நம்பர் வாங்கி, அவரு இன்னொரு நம்பர் குடுத்து, கடைசில கடைக்கு மேல மாடில ரெண்டு ரூம் வச்சிருக்குற ஒரு அம்மாகிட்ட போய் சேந்துச்சு. நாலு பேருக்கு ஒரே ரூம், 1400 ரூபா. ராத்திரி சாப்பாடு தனியா, ஆளுக்கு எண்பது. "வாங்க கண்ணு, பொம்பளைப் புள்ளைங்கன்னா இன்னும் சந்தோசம்"னாங்க. அந்த லாட்ஜ் பேச்சு கேட்ட காதுக்கு இது போதும்.

கேட்டதெல்லாம் எழுதி வச்சிருக்கேன்: பாத்ரூம் ரூமுக்குள்ளயா வெளியவா, சுடுதண்ணி எத்தனை மணிக்கு, ஆளுக்கு எத்தனை கம்பளி, ராத்திரி கேட்டு பூட்டினா விடிகாலைல யாரு தொறப்பாங்க, ஆதார் நோட்டுல எழுதுவாங்களா. கடைசி கேள்விக்கு ஆமான்னு சொன்னதும்தான் ஐந்நூறு அட்வான்ஸ் அனுப்பினேன். காலைல விடுறதுக்கு அவங்க தம்பி ஜீப்பு, 700 ரூபா. லோக்கல் வண்டி, அதனால வெளியூர் வண்டிங்க நீலகிரிக்குள்ள வர வாங்குற இ-பாஸ் தொல்லையும் இல்ல. நாங்க மலை ஏறுறது கவர்மென்ட் பஸ்ல, அதுக்கும் வேணாம்.

ஜனவரி 20

அம்மாகிட்ட இன்னைக்குதான் முழுசா சொன்னேன். "இன்னாத்துக்குடி காட்டுக்கு, குரங்கணி மறந்துபோச்சா"ன்னாங்க. மறக்கல. 2018 மார்ச்ல நம்ம சென்னைல இருந்து தேனி பக்கம் குரங்கணி மலைக்கு ட்ரெக்கிங் போன பொண்ணுங்க காட்டுத்தீல மாட்டிகினது யாருக்கு மறக்கும். அதுக்கு அப்புறம்தான் பர்மிஷன், கைடுன்னு எல்லாம் கண்டிஷன் ஆச்சுன்னு பொறுமையா சொன்னேன், வனத்துறை பர்மிஷன் பேப்பரை காட்டினேன், ரூம் அம்மாகிட்ட போன் போட்டு குடுத்தேன். ரெண்டு பேரும் அரைமணி நேரம் பேசினாங்க, பாதிக்கு மேல மூட்டு வலி பத்திதான். போனை வச்சிட்டு அம்மா, "போயிட்டு வா"ன்னாங்க.

பிப்ரவரி 7

மேட்டுப்பாளையத்துல காலைல இறங்கினோம், பஸ், குன்னூர், ஊட்டி, மறுபடி பஸ். கைல ஸ்டீல் பாட்டில்தான், நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு தடை.

ரூம் நான் நினைச்சதை விட நல்லா இருக்கு. ஃபேன் கிடையாது, மாட்டுறதுக்கு கொக்கி கூட இல்ல. ரெண்டு கட்டிலை சேத்து போட்டு, கீழ ஒரு மெத்தை. ஜன்னல் இடுக்குல எல்லாம் பேப்பரை மடிச்சு சொருகி வச்சிருக்காங்க, ஒண்ணை எடுத்து பாத்தேன், உடனே கத்தி மாதிரி காத்து வந்துச்சு, திருப்பி சொருகிட்டேன். கம்பளி கனமா, லேசா புகை வாசனையோட. சுவத்துல கை வச்சா ஈரம். பாத்ரூம் வெளில, ஆனா பளிச்சுன்னு. சாப்பாட்டுக்கு சோறு, அவரைக்கொட்டை உருளைக்கிழங்கு போட்ட குழம்பு, ரசம். எதிர்வீட்டு அக்கா ரசத்தை டம்ளர்ல வாங்கி வாங்கி குடிச்சாங்க. எட்டரைக்கு எல்லாரும் படுத்தாச்சு, நான் மட்டும் டைப் பண்ணிகினு இருக்கேன், விரல் விறைச்சுப்போச்சு.

பிப்ரவரி 8

மேட்டுப்பாளையம் ஸ்டேஷன், டிரெயினுக்கு காத்திருக்குறோம்.

ராத்திரி ரெண்டு ரெண்டரைக்கு சத்தம் கேட்டு எழுந்தேன், எதிர்ல தோட்டத்துல தலைல டார்ச் கட்டிகினு கேரட் புடுங்குறாங்க, அந்த குளிருல. விடியறதுக்குள்ள லோடு கீழ போகணுமாம். நம்ம மார்க்கெட்டுக்கு வர்ற கேரட்டு எந்த நேரத்துல யாரு கைல புடுங்குனதுன்னு இன்னைக்குதான் கண்ணால பாத்தேன். இனிமே பேரம் பேச வாய் வராது.

அஞ்சு மணிக்கு அந்த அம்மாவே ரெண்டு பக்கெட் சுடுதண்ணி வச்சாங்க. வழில புல்லு மேல உறைபனி, வெள்ளையா. ஜீப்பு எங்களை நேரத்துக்கு முன்னாடியே இறக்கி விட்டுச்சு. ஊட்டில இருந்து அந்த குளிருல விடிகாலைல கிளம்பி வந்தவங்க வாந்தி எடுத்துகினு நின்னாங்க, பாவம். நாங்க தூங்கி எழுந்து டீ குடிச்சிட்டு நின்னோம், ஏத்தத்துல அந்த வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது. கைடு அந்த ஊரு அண்ணன், சோலைக்காடு எங்க முடியுது, புல்வெளி எங்க ஆரம்பிக்குதுன்னு நிறுத்தி நிறுத்தி காட்டினாரு. மேல ஏறி நின்னப்ப சித்தி பொண்ணு அழுதுட்டா. அதை பத்தி தனியா எழுதுறேன், இப்ப தூக்கம் வருது.

பிப்ரவரி 11

ஆபீஸ்ல ரெண்டு பேரு, தெருவுல மூணு பேரு அந்த ரூம் நம்பர் கேட்டாங்க. அந்த அம்மாகிட்ட கேட்டுட்டுதான் குடுத்தேன், மாசத்துக்கு இத்தனை பேருக்கு மேல வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. முதல் வாட்டி போறவங்களுக்கு நான் ஏலகிரில இருக்குற சுவாமிமலை ட்ரெக்தான் சொல்றேன், ஜோலார்பேட்டைல இறங்கி மேல போயிடலாம். ரூமுக்கு முன்னாடி மேல போற முதல் பஸ்ஸும் கீழ வர்ற கடைசி பஸ்ஸும் எத்தனை மணிக்குன்னு விசாரிங்க, அப்புறம் போன் பண்ணுங்க, என்னென்ன கேக்கணும்னு சொல்றேன்.