இடக்கையால் சைகை மொழி: எதைத் திருப்பலாம், எதைத் திருப்பக்கூடாது

சைகை மொழி வகுப்பில் இடக்கைப் பழக்கம் உள்ள ஒருவர் சேர்ந்தால் முதல் வாரமே வரும் கேள்வி: "நான் வலது கையாலதான் செய்யணுமா?" வேண்டாம். இடக்கையால் செய்தால் அது தப்பான சைகை ஆகாது, வேறு அர்த்தமும் வராது. ஒரே சைகையை இடக்கையால் செய்தால் ஒரு சொல், வலக்கையால் செய்தால் வேறு சொல் என்று இயங்கும் சைகை மொழி கிடையாது. கையின் வடிவம், அது படும் இடம், அசையும் விதம், உள்ளங்கை பார்க்கும் திசை, முகபாவம் இவைதான் பொருளைத் தீர்மானிக்கின்றன.

சைகை மொழிக்குத் தெரிந்ததெல்லாம் அசையும் கை, தாங்கும் கை என்ற இரண்டுதான். தீப்பெட்டியும் தீக்குச்சியும் மாதிரி. குச்சி பிடித்த கை உரசும், பெட்டி பிடித்த கை அசையாமல் நிற்கும். வலக்கையருக்குக் குச்சி வலது கையில், இடக்கையருக்கு இடது கையில். பற்றுவது ஒரே நெருப்புதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒழுங்கான விதியும் இருக்கிறது. அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்த ராபின் பாட்டிசன் 1978-ல் இரண்டு விதிகளை எழுதினார். இரண்டு கையும் அசைந்தால் இரண்டுக்கும் ஒரே வடிவம், ஒத்த அசைவு இருக்க வேண்டும். இரண்டு கையின் வடிவமும் வேறாக இருந்தால் ஒன்றுதான் அசையும். நிற்கிற கை எடுக்கக்கூடிய வடிவங்களும் கொஞ்சம்தான்: மூடிய முஷ்டி, தட்டையான உள்ளங்கை, விரித்த ஐந்து விரல், நீட்டிய சுட்டுவிரல், சி போல வளைந்த கை, ஓ போலக் குவிந்த கை. இடக்கையருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். தாங்குவது வலது கை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது உங்கள் அசையும் கை எது என்பதை. நம் ஊரில் இது லேசான கேள்வி இல்லை. சின்ன வயதிலேயே பென்சிலையும் சோற்றையும் வலது கைக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் எழுதும் கை, சாப்பிடும் கை இரண்டையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். தீக்குச்சி உரசுவது, பாட்டில் மூடி திறப்பது, ஊசியில் நூல் கோப்பது, பந்து எறிவது, பல் தேய்ப்பது என்று யாரும் திருத்தாத வேலைகளைப் பாருங்கள். அப்புறம், தெரிந்த ஒரு பத்து ஒருகைச் சைகைகளை யோசிக்காமல் வேகமாகச் செய்யுங்கள். எந்தக் கை முதலில் எழுகிறதோ அதுதான். எழுதுவது வலது, சைகை இடது என்று இருப்பவர்கள் உண்டு. அதில் குறை ஒன்றும் இல்லை.

முடிவெடுத்த பிறகு மாற்றாதீர்கள். கற்றுக்கொள்ளும் இடக்கையரிடம் அதிகம் காணும் கோளாறு இடக்கையால் செய்வது இல்லை, கை மாறிக்கொண்டே இருப்பதுதான். ஒரு சொல் இடது கையில், அடுத்தது ஆசிரியரைப் பார்த்து வலது கையில், மூன்றாவது மறுபடி இடதில். பார்ப்பவரின் கண் எந்தக் கையைத் தொடர்வது என்று தெரியாமல் ஒவ்வொரு சொல்லிலும் தேடும். முழுக்க இடக்கையில் செய்பவரைப் படிப்பது காது கேளாதோருக்குச் சிரமமே இல்லை. தடுமாறுவது பெரும்பாலும் புதிதாகக் கற்கும் வலக்கையர்தான், அதுவும் சொல்லை எழுத்து எழுத்தாக விரல்களால் காட்டும் விரல் எழுத்தில்.

விரல் எழுத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு கையும் வேண்டும். பிரிட்டிஷ் இருகை முறையோடு உறவுள்ள முறை இது. சில எழுத்துகள் மட்டும் வேறு. பிரிட்டிஷ் முறையையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். உயிரெழுத்து ஐந்தும் தாங்கும் கையின் விரல் நுனிகளில் இருக்கின்றன. கட்டை விரல் ஏ, சுட்டு விரல் ஈ, நடுவிரல் ஐ, மோதிர விரல் ஓ, சுண்டு விரல் யூ. அசையும் கையின் சுட்டுவிரல் அந்த நுனியைத் தொடும். மெய்யெழுத்துகளில் பல தாங்கும் உள்ளங்கையில் விழுகின்றன: எம்முக்கு மூன்று விரல், என்னுக்கு இரண்டு விரல், எல்லுக்கு ஒரு விரல். டி என்ற இருபதாவது எழுத்துக்குச் சுட்டுவிரல் நுனி உள்ளங்கையின் கீழ் ஓரத்தைத் தொடும்.

இப்போது ஒரு இடக்கையர் 'மணி' என்ற பெயரை எழுதட்டும். வலது கையை நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை தன்னைப் பார்க்க, கட்டை விரல் மேலே இருக்கும்படி விரித்துப் பிடிக்கிறார். இடது கையின் மூன்று விரல் வலது உள்ளங்கையில்: எம். இடது சுட்டுவிரல் வலது கட்டை விரல் நுனியில்: ஏ. இரண்டு விரல் உள்ளங்கையில்: என். சுட்டுவிரல் நடுவிரல் நுனியில்: ஐ. எதிரே இருப்பவருக்கு இடம் வலமாகத் தெரிகிறதே தவிர, கட்டை விரல் மேலே, சுண்டு விரல் கீழே என்ற வரிசை மாறவில்லை. அனுபவமுள்ளவர் படிப்பது இந்த மேல் கீழ் வரிசையைத்தான். அதனால்தான் அவருக்கு இடக்கை உறுத்துவதில்லை.

கெட்டுப்போவது எங்கே என்றால், தாங்கும் கை சும்மா நிற்காததில். வலது கையால் எழுதிப் பழகிய இடக்கையருக்கு இது அதிகம் வரும். சுட்டுவிரல் வருவதற்குள் வலது கை தானாகப் போய் அதைச் சந்திக்கும். நுனி எது, அடி எது என்று தெரியாமல் போகும். இன்னொன்று, வலது கை விரல்கள் நெருங்கி நிற்பது. நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டிக்கொண்டால் ஐ, ஓ இரண்டும் ஒன்றாகிவிடும், 'மணி' 'மனோ' ஆகிவிடும். பயிற்சி எளிது: வலது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி, விரல்களை விரித்து வைத்து, ஐந்து உயிரெழுத்தையும் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் தொடுங்கள். வலது கை நகராமல் வந்த பிறகு முழங்கையை எடுத்துவிடலாம். வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒருகை எழுத்து முறையில், உதாரணமாக அமெரிக்க முறையில், இந்தத் தொல்லை இல்லை. ஒரே எழுத்து இரட்டிக்கும்போது கையைச் சற்று வெளிப்பக்கம் நகர்த்துவார்கள். வலக்கையர் வலப்பக்கம், இடக்கையர் இடப்பக்கம்.

உடலில் படும் சைகைகளும் கையோடு சேர்ந்து திரும்பும். இந்தியச் சைகை மொழியில் பெண் என்பதற்குச் சுட்டுவிரலால் மூக்குத்தி போடும் இடத்தைத் தொடுகிறோம். இடக்கையர் இடது மூக்கைத் தொடலாம். அம்மா எந்தப் பக்கம் மூக்குத்தி போட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டியதில்லை. மணிக்கட்டைத் தட்டி நேரம் கேட்கும்போதும் அப்படித்தான். கடிகாரம் இடது கையில் கட்டியிருந்தாலும் இடது விரல் வலது மணிக்கட்டைத் தட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டியல் போடும்போது வலது கை விரல்கள் பட்டியலாக நிற்கும், இடது சுட்டுவிரல் ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்லும். பேச்சு நீளும்போது பட்டியல் கை கலையாமல் இருக்க வேண்டும். இரண்டாவது விஷயத்துக்குத் திரும்ப வரும்போது அந்த விரலைத் தொட்டாலே போதும்.

இனி திருப்பக்கூடாதவை. எல்லாவற்றையும் கண்ணாடிபோல் மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கும் இடக்கையர் சறுக்குவது இங்கேதான்.

உலகத்தின் இடம் வலம் உங்கள் கையைப் பொறுத்து மாறாது. அமெரிக்கச் சைகை மொழியில் கிழக்குக்குக் கை வலப்பக்கம் நகரும், மேற்குக்கு இடப்பக்கம், வரைபடத்தில் இருப்பதுபோல. இடக்கையர் இடது கையால் செய்தாலும் கிழக்கு வலப்பக்கம்தான். வழி சொல்லும்போதும் இதே கதை. 'பஸ் ஸ்டாண்டில் இறங்கி வலது பக்கம் திரும்பினால் இரண்டாவது கடை' என்பதை இடது கையால் சொல்கிறீர்கள் என்றால், கை உடம்பைக் குறுக்காகக் கடந்து உங்கள் வலப்பக்கம் போக வேண்டும். அப்படிக் கடக்கும்போது முழங்கை நெஞ்சை மறைக்கும், அசைவு குறுகிப்போகும். தோளை லேசாக வலப்பக்கம் திருப்பிக்கொண்டால் சரியாகிவிடும். அல்லது அந்த ஒரு இடத்தை மட்டும் வலது கையால் காட்டிவிட்டுத் திரும்பி வரலாம். வலக்கையருக்கு 'இடது பக்கம் திரும்பு' என்பதில் இதே சிரமம் உண்டு.

இன்னும் முக்கியமானது ஆட்களுக்கு இடம் ஒதுக்குவது. சைகை மொழியில் எதிரே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது காற்றில் ஒரு இடத்தைச் சுட்டி, அக்கா இங்கே, மாமா அங்கே என்று வைத்துக்கொள்வோம். பிறகு 'அக்கா மாமாவிடம் கொடுத்தார்' என்றால் கை இங்கிருந்து அங்கே போகும். நீங்களே ஆரம்பித்தால் யாரை எந்தப் பக்கம் வைப்பது என்பது உங்கள் விருப்பம். ஆனால் எதிரே இருப்பவர் ஏற்கெனவே அக்காவைத் தன் இடப்பக்கம் வைத்திருந்தால் அந்த இடம் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கும். நீங்களும் அதே இடத்தைத்தான் சுட்ட வேண்டும். இடக்கையர் என்பதற்காக அக்காவை உங்கள் இடப்பக்கம் நகர்த்தினால் அங்கே ஏற்கெனவே இருக்கிற மாமாவைச் சுட்டிவிடுவீர்கள். பேச்சில் பங்கெடுக்கும் எல்லோருக்கும் இடம் பொது. ஆள் நேரிலேயே இருந்தால் அவர் உட்கார்ந்திருக்கும் இடம்தான் இடம்.

கையை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு கையில் பை இருந்தால், பைக்கின் கைப்பிடி இருந்தால், குழந்தை இருந்தால் மற்றக் கையால் பேசுவது எல்லோரும் செய்வது. இரண்டு ஊரை ஒப்பிடும்போது ஒன்றை இடது கையிலும் மற்றதை வலது கையிலும் வைத்துப் பேசுவது அழகான பேச்சு. நடுவே ஒரு குறிப்பைச் செருகும்போதும் கை மாற்றுவார்கள். அங்கே மாறுவதற்குக் காரணம் இருக்கிறது, பார்ப்பவருக்கும் அது புரிகிறது.

வீடியோ பார்த்துக் கற்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015-ல் டெல்லியில் தொடங்கப்பட்டது. 2021-ல் வந்த அதன் அகராதியில் 10,000 சொற்கள் வீடியோவாக இருக்கின்றன. திரையில் வலக்கையர் செய்வதைப் பார்த்து இடக்கையர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே செய்தால் போதும், கை சரியாக வந்துவிடும். மனதுக்குள் திருப்பிப் போடும் வேலை வலக்கையருக்குத்தான். ஆகவே இடக்கையர் வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, போட்டால் இருந்த சுலபமும் போகும். ஆனால் இடம் வலம் சொல்லும் சைகைகளைக் கண்ணாடிபோல் செய்யாதீர்கள். ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று கற்றாலும் இந்தச் சுலபம் கிடைக்காது.

நீங்கள் பதிவு செய்யும்போது செல்ஃபி கேமராவைக் கவனியுங்கள். சில போன்கள் கண்ணாடிப் பிம்பத்தையே சேமிக்கும், வலக்கையர் இடக்கையராகத் தெரிவார். ஒரு தாளில் பெரிதாக ஒரு சொல் எழுதி முதலில் காட்டிவிட்டுப் பதிவில் அது நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஜூமில் நம் படம் நமக்குக் கண்ணாடிபோல் தெரிவது நமக்கு மட்டும்தான், மற்றவர்கள் நேராகவே பார்க்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளரைத் திரையின் ஓரத்தில் சின்னக் கட்டத்தில் வைக்கும்போது இன்னொரு விஷயம். கட்டம் பார்ப்பவரின் வலது கீழ் மூலையில் இருந்தால், வலக்கையரின் அசையும் கை திரையின் உள்பக்கம் இருக்கும். இடக்கையரின் அசையும் கை வெளி ஓரத்தில் இருக்கும், முதலில் வெட்டுப்படுவது அதுதான். கேமராக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, இடது முழங்கை முழுதாக நீண்டாலும் சட்டத்துக்குள் நிற்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

ஆசிரியர்களும் பெற்றோரும் குழந்தையின் கையைப் பிடித்து மாற்ற வேண்டாம். 'சோத்துக்கையால காட்டு' என்று சொல்வது நம் வீடுகளில் பழக்கமாகவே வருகிறது. பொருளை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் வலது கையை நீட்டச் சொல்லிக்கொடுங்கள், அது மரியாதை சம்பந்தப்பட்டது. சைகை மொழி என்பது பேச்சு. பேசும் கையை மாற்றினால் குழந்தைக்கு அசையும் கை எது, தாங்கும் கை எது என்பதே குழம்பி, மேலே சொன்ன கை மாற்றும் கோளாறு நிலைத்துவிடும். வகுப்பில் 'வலது கையை வைங்க' என்பதற்குப் பதில் 'அசையும் கையை வைங்க' என்று சொன்னால் இரண்டு வகையினருக்கும் ஒரே பாடம் போதும். பெஞ்சில் இடக்கையரை இடது கோடியில் உட்கார வைத்தால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையோடு முட்டாது.

பார்வையும் செவியும் இல்லாதவரோடு தொட்டுப் பேசும்போது மட்டும் உங்கள் வசதி இரண்டாம் பட்சம். பிரிட்டிஷ் தொடு எழுத்து முறையில் வழக்கமாகப் பேசுபவரின் வலது கை கேட்பவரின் இடது கையில் எழுதும். இடக்கையர் எழுதினால் பக்கம் மாறி உட்கார்ந்து அவருடைய வலது கையில் எழுதலாம். ஆனால் அவர் படித்துப் பழகிய கை எது என்று ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இடது கையில்தான் படிப்பேன் என்றால், நீங்கள் வலது கையால் நிதானமாக எழுதப் பழக வேண்டியிருக்கும்.