மனுக்கா தேன்: புண்ணுக்குச் சரி, எல்லா நோய்க்குமா?

என் மேசைமேல் உள்ள சிறு புட்டியில் 'எம்ஜிஓ 263' என்று அச்சிட்டிருக்கிறது. கரண்டியில் அள்ளினால் கூழ்போல் மெதுவாக இறங்கும் இந்தப் பழுப்புத் தேன், இனிப்புக்குப் பின் நாவில் லேசான கசப்பை விட்டுச் செல்கிறது.

நியூசிலாந்தின் மனுக்கா புதர்ப் பூக்களிலிருந்து தேனீக்கள் சேர்க்கும் இத்தேனின் கிருமி எதிர்ப்பு ஆற்றலை 1980களில் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் ஆராய்ந்தார். பிற தேன்களில் அந்த ஆற்றல் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடால் வருவது; மனுக்காவிலோ அதை நீக்கிய பிறகும் ஆற்றல் எஞ்சியது. அதற்குக் காரணம் மெத்தில்கிளையாக்சல் (சுருக்கமாக எம்ஜிஓ) என்ற வேதிப்பொருள் என்று 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் விளக்கினர். பூந்தேனிலுள்ள டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்ற பொருள், தேன் முதிர முதிர, இப்பொருளாக மாறுகிறது. புட்டியிலுள்ள எண், ஒரு கிலோ தேனில் அது எத்தனை மில்லிகிராம் என்பதையே குறிக்கிறது.

புண்களுக்கும் தீக்காயங்களுக்கும் மருத்துவமனைகளில் இடப்படுவது கதிர்வீச்சால் தூய்மை செய்யப்பட்ட மருத்துவத் தேன். சமையலறைப் புட்டியை அதற்கு ஈடாகக் கருதுவது ஆபத்து. தொண்டைக் கரகரப்புக்கு இதமளிப்பதை எந்த நல்ல தேனும் செய்யும், அதற்கு மனுக்காவின் கூடுதல் விலை தேவையில்லை. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்றே இல்லை. சர்க்கரை நோயாளிகள் தாராளமாக உண்ணலாம் என்று சொல்லப்படுவதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. ஏனெனில் இதிலும் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரைதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு, பொட்டுலிசம் என்ற, பாக்டீரியா நச்சால் வரும் கடும் நோயின் அபாயம் இருப்பதால், எந்தத் தேனையும் நாவில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது.