டோமாசினாவில் கரை இறங்குவது

மடகாஸ்கரின் மிகப் பெரிய துறைமுகமான டோமாசினாவில், ஆப்பிரிக்கா மெர்சி என்ற தொண்டு மருத்துவக் கப்பலில் 2015 கடைசியில் தங்கி வேலை செய்தேன். ஒரு காலத்தில் டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிக் கடல் தாண்டிக்கொண்டிருந்த கப்பல் அது. 1980-ல் கட்டப்பட்டது, ஐந்து அறுவை அரங்குகளோடு மாற்றியமைக்கப்பட்டு 2007-ல் மருத்துவமனையாகச் சேவைக்கு வந்தது. என் வேலை அறுவைக் கருவிகளைக் கழுவிப் பொதி கட்டி ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கப் பெட்டியில் ஏற்றி இறக்குவது. சம்பளம் கிடையாது. அப்போது அறைக்கும் சாப்பாட்டுக்கும் நாமேதான் மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

விண்ணப்பம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, மலேரியா மாத்திரை எல்லாம் எதிர்பார்த்தபடியே முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டம்: கப்பலை விட்டு இறங்கி ஊருக்குள் போவது. உள்ளே ஏசி இருக்கிறது, காபிக் கடை இருக்கிறது, ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்கூட இருக்கிறது. மூன்று வேளையும் சாப்பாடு மணி தவறாமல் வருகிறது. அதனால் டோமாசினாவில் வாரக்கணக்கில் இருந்தும் டோமாசினாவைப் பார்க்காமலே விமானம் ஏறியவர்கள் உண்டு. களைப்பு என்பார்கள். எனக்கென்னவோ அது சோம்பல் என்றுதான் தோன்றியது.

இறங்கும் படிக்கட்டருகே அடையாள அட்டையைக் கருவியில் தேய்க்க வேண்டும். அப்போதுதான் ஆபத்து நேரத்தில் யார் கப்பலில் இருக்கிறார்கள் என்று கணக்குத் தெரியும். காவலுக்கு நிற்பவர்கள் நேபாளத்துக் கூர்க்காக்கள். இருட்டிய பிறகு தனியாகப் போகக் கூடாது, குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கையில் ஊர்ப் பணம் இருக்க வேண்டும்; அதைக் கப்பலிலேயே மாற்றிக்கொள்ளலாம். படியிறங்கியதும் கண்டெய்னர் லாரிகள். அவை நமக்காக நிற்பதில்லை. துறைமுக வாசலில் அட்டையை இன்னொரு முறை காட்டினால், அப்புறம் ஊர்.

வாசலுக்கு வெளியே கை ரிக்‌ஷாக்களும் சைக்கிள் ரிக்‌ஷாக்களும் ஆட்டோக்களும் மொய்த்துக்கொள்ளும். ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசி முடித்துவிட வேண்டும். இங்கேதான் புதிதாக வந்தவர்கள் திகைத்துப்போவார்கள். நாட்டின் நாணயம் அரியாரி. ஆனால் 2005 வரை பிராங்க் புழக்கத்தில் இருந்தது. ஐந்து பிராங்க் சேர்ந்தால் ஓர் அரியாரி. பணம் மாறிப் பத்தாண்டு ஆகியும் சந்தையில் வயதானவர்கள் பலர் பிராங்கிலேயே விலை சொன்னார்கள். பத்தாயிரம் என்று ஒரு பாட்டி சொன்னால் அது இரண்டாயிரம் அரியாரியாக இருக்கலாம். ஏமாற்று அல்ல, பழக்கம். எந்த விலையைக் கேட்டாலும் ‘அரியாரியா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

என் முகத்தைப் பார்த்ததும் பலர் ‘கரானா?’ என்று கேட்டார்கள். குஜராத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து வணிகத்தில் காலூன்றியவர்களை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். அதனால் எனக்கு ஊரில் எங்கோ ஒரு பெரிய கடை இருப்பதாக நினைத்து ரிக்‌ஷாக்காரர்கள் விலையை ஏற்றினார்கள். கப்பல் என்று சொன்னதும் கொஞ்சம் இறங்கும்.

பசாரி பே என்ற பெரிய சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். நண்பகலில் கடைகள் பல மூடிக்கொள்கின்றன. வெனிலா, மிளகு, பட்டை எல்லாம் உண்டு என்றாலும் அந்தப் பருவத்தில் ஊரை ஆள்வது கிராம்புதான். வெளியே போனால் வழியோரப் பாய்களில் காயப்போட்டிருப்பார்கள். பார்ப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். நவம்பர் பிறந்தால் லிச்சி. ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் சந்தைக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றுகிறார்கள். மிஞ்சியது தெருவில் குவியல் குவியலாக, கொத்துக் கொத்தாக. சாப்பிட, கண்ணெதிரே எண்ணெயில் பொரித்தெடுக்கும் மோஃபோ அகோந்த்ரோவை நம்பலாம். நம் வாழைக்காய் பஜ்ஜியைப் போன்றதுதான், ஆனால் பழத்தில். குடை மட்டும் மறக்கக் கூடாது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர். கடற்கரையில் நடக்கலாம், தண்ணீரில் இறங்க வேண்டாம், சுறா உண்டு.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான். கப்பல் எதற்காக வந்திருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஒருநாள் கிராம்பு விற்ற அம்மாள் என் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் தலைத்துணியை விலக்கித் தன் கழுத்துக் கட்டியைக் காட்டினார். எலுமிச்சை அளவு. நான் மருத்துவன் அல்ல என்று சொல்ல எனக்கு மொழியும் வரவில்லை. கப்பல் எல்லா நோய்க்கும் அறுவை செய்வதில்லை. கட்டி, உதட்டுப் பிளவு, வளைந்த கால், கண்புரை போன்றவைதான். அதிலும் முதலில் பரிசோதனைக் குழு பார்த்து நாள் குறிக்க வேண்டும். அதனால் கரையில் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. கொடூரமான விதி என்று முதலில் நினைத்தேன். இல்லாத இடத்தை இருப்பதாகச் சொல்லி ஒருவரை வாசலில் காக்கவைப்பது அதைவிடக் கொடூரம். பிரெஞ்சு தெரிந்த ஒரு பையனைப் பிடித்து, அவனும் என் கூட வந்த செவிலியரும் பேசி, அந்த அம்மாளின் பெயரையும் குடியிருக்கும் பகுதியையும் எழுதி வாங்கிப் பரிசோதனைக் குழுவிடம் ஒப்படைத்தோம். அதற்கு மேல் அது என் கையில் இல்லை. அன்றிலிருந்து வாசலைத் தாண்டியதும் அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். ஆனால் துண்டுத்தாளும் பேனாவும் எப்போதும் கையில் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொன்னேன்.

திரும்பும்போது அதே வாசல், அதே லாரிகள். படியேறினால் பையைத் திறந்து காட்ட வேண்டும், கையைக் கழுவ வேண்டும், அட்டையைத் தேய்க்க வேண்டும். லிச்சியை மட்டும் கிளையோடும் இலையோடும் கொண்டுபோகாமல் உதிர்த்துப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. பூச்சி எதுவும் தொற்றிக்கொண்டு மருத்துவமனைக்குள் வந்துவிடக் கூடாது.