மலைக்கு ஏறுமுன் போனில் செய்து வைத்தவை

கோத்தகிரியில் இருக்கும் மாமா தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் விற்பவர். அம்மாவுக்குப் பெரியப்பா மகன். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்குப் போன குடும்பம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் சில தொழிற்சாலைக்காரர்களைப் பார்க்க வேண்டும், அப்படியே தன் அப்பா பிறந்த லயத்தையும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பார்க்க வேண்டும் என்று அத்தையையும் கூட்டிக்கொண்டு ஏப்ரலில் வந்தார். ஊர்க்காரன் என்பதால் பயணப் பொறுப்பு முழுவதும் என்னுடையது. வேலைப் பயணம், சுற்றுலா இரண்டும் ஒரே பையில் வந்ததால், போனில் என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துச் செய்தேன். அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

விசா விஷயத்தை அவர்கள் கிளம்புமுன்னரே முடித்தோம். இலங்கையின் ஈடிஏ என்ற இணையவழிப் பயண அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தேடினால், அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் வாங்கும் தளங்களும் வந்து நிற்கும். முகவரி 'கவ் டொட் எல்கே' (gov.lk) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட் விவரம் கொடுக்க வேண்டும். மாமாவிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அடுத்தது சிம். இந்திய சிம்மைக் கழற்றவே வேண்டாம் என்றேன். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும், யூபிஐ செயலியும் அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. மாமாவின் போன் இ-சிம் ஏற்கும் என்பதால் இங்குள்ள இணைப்பை இ-சிம்மாகப் போட்டோம். அத்தையின் போனில் இரண்டு சிம் போடும் இடம் இருந்தது.

யூபிஐ இங்கே வேலை செய்யும் என்பது மாமாவுக்குத் தெரியாது. 2024 பெப்ரவரி 12ஆம் திகதி இலங்கையில் அதைத் தொடக்கி வைத்தார்கள். கடைகளில் வைத்திருக்கும் லங்கா கியூஆர் அட்டையை இந்தியச் செயலியால் ஸ்கேன் செய்து பணம் கட்டலாம். செயலிக்குள் போய் வெளிநாட்டுக் கொடுப்பனவை இயக்கி வைக்க வேண்டும், அதை ஊரிலேயே செய்துவிடுவது நல்லது. கண்டியில் ஒரு பேக்கரியில் மாலு பணிஸும் (மீன் வைத்த பன்) தேநீரும் வாங்கிவிட்டு அத்தை ஸ்கேன் செய்தார். இலங்கை ரூபாயும் அதற்கு ஈடான இந்திய ரூபாயும் திரையில் வந்ததும், "இப்பத்தான் கணக்கு புரியுது" என்றார். அதுவரை ஒவ்வொரு விலையையும் கேட்டுக் கேட்டு மனத்துக்குள் வகுத்துக்கொண்டிருந்தவர். ஆனால் நுவரெலியா தாண்டி தோட்டப் பக்கம் போனால் கையில் காசு வேண்டும். லயத்தடிக் கடையில் கியூஆர் அட்டையை எதிர்பார்க்க முடியாது.

ரயிலில் போக வேண்டும் என்பது அத்தையின் ஆசை. ரயில்வே திணைக்களத்தின் தளத்தில் 30 நாளுக்கு முன்னரே இருக்கை பதிவு செய்யலாம். மலையகப் பாதையில் இருக்கைகள் வேகமாகத் தீர்ந்துவிடும். இந்த முறை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் மண் சரிந்து மலையக ரயில் பாதை பல இடங்களில் கடுமையாக அடிபட்டது. எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திட்டம் போடுவதைவிட வான் (வேன்) பிடித்துப் போவதே சரி என்று பட்டது.

டித்வாவுக்குப் பிறகு மழையை நாங்கள் பார்க்கும் விதமே மாறிவிட்டது. வெளியிலிருந்து வருகிறவர்கள் வானிலைச் செயலியில் 'நுவரெலியா' என்று அடித்துப் பார்த்துவிட்டு மலையகம் முழுவதற்கும் அதுதான் என்று நினைக்கிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட், நாவலப்பிட்டிப் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும்போது, பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து காற்று மட்டும் வீசும். டிசம்பர், ஜனவரியில் பதுளைப் பக்கத்துக்குத்தான் மழை. ஏப்ரலில் காலை வெளிச்சமாக இருக்கும், பின்னேரம் இடியோடு கொட்டும். அதனால் போகும் ஊர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செயலியில் சேமித்து வைத்தேன். தொழிற்சாலைச் சந்திப்புகளை எல்லாம் காலையிலேயே வைத்தோம்.

அதைவிட முக்கியம் மண்சரிவு எச்சரிக்கை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டங்களில் எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் அந்த இடத்தில் நிற்கவே கூடாது. இந்த அறிவிப்பு ஊர்ப் பெயரில் வராது, பிரதேச செயலகப் பிரிவின் பெயரில்தான் வரும். கொத்மலை, வலப்பனை, அம்பகமுவ என்று போகிற பாதையில் வரும் பிரிவுகளை எழுதி மாமாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். தெரியாத ஊரில் அறிவிப்பு வந்தும், அது நமக்குத்தான் என்று தெரியாமல் போய்விடக் கூடாது.

வரைபடத்துக்கு வருவோம். கூகுள் மெப்பில் கண்டி, நுவரெலியா, பதுளை மூன்றும் அடங்குகிற மாதிரிச் சதுரம் பிடித்து, வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்தோம். இணைப்பு இல்லாவிட்டாலும் வாகனத்துக்கு வழி சொல்லும். நடந்து போகச் சொல்லாது. அதற்காக ஓர்கானிக் மெப்ஸ் போட்டேன். இணையமே இல்லாமல் ஓடும் செயலி, தேயிலை மலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகூடப் பல இடங்களில் அதில் இருக்கும். மெப் சொல்லும் நேரத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 80 கிலோமீற்றருக்குள்தான், ஆனால் றம்பொடை வளைவுகளில் பனிமூட்டம் இறங்கினால் வான் ஊர்ந்துதான் போகும். குறுக்கு வழி என்று காட்டும் தோட்டப் பாதையில் போகச் சொன்னால், சாரதியைக் கேட்காமல் திருப்பக் கூடாது.

மாமாவின் அப்பா பிறந்த லயத்தைத் தேடியதுதான் உண்மையான சோதனை. தோட்டத்தின் பெயரை மெப்பில் அடித்தால் புள்ளி தொழிற்சாலையில் போய் விழுகிறது. எங்களுக்கு வேண்டியதோ மேல்பிரிவு, அது இன்னொரு மலையில். அங்கே இருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவனிடம், "லயத்து வாசல்ல நின்னு வட்ஸ்அப்ல இடத்த அனுப்புடா" என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். வந்த புள்ளியை ஹட்டன் டவுனில் இருக்கும்போதே ஓர்கானிக் மெப்ஸில் குறித்து வைத்தோம். வட்ஸ்அப்பிலேயே விட்டிருந்தால் சிக்னல் இல்லாத இடத்தில் திறந்திருக்காது.

வான் போகும் பாதை கோயிலடியோடு முடிந்தது. இறங்கி நடந்தோம். போனில் ஒரு கோடுகூட இல்லை, நாலு பக்கமும் பனி. "டவரே இல்லையே, எப்படிக் காட்டும் மாப்ளே?" என்றார் மாமா. போன் இடத்தைக் கண்டுபிடிப்பது செயற்கைக்கோளிடமிருந்து, அதற்கு டவர் தேவையில்லை. டேட்டா இல்லாதபோது முதல் தடவை பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், மரத்தடியில் நிற்காமல் வானம் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நீலப் புள்ளி எங்களோடு படிக்கட்டில் ஏறி, கொழுந்து நிறுக்கும் மடுவம் தாண்டி, குறித்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தது. அத்தை மூச்சு வாங்க நின்ற இடத்திலிருந்து லயத்துத் தகரக் கூரை தெரிந்தது. மாமா போனைப் பையில் போட்டுவிட்டு எங்களுக்கு முன்னே நடந்தார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகை வண்டி பிடிக்கும் பிக்மீ செயலி கண்டி டவுனில் நன்றாகவே கைகொடுத்தது. மேலே ஏற ஏற வண்டி கிடைப்பது குறையும், அப்போதும் நியாயமான கட்டணம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குக்கு அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஆட்டோக்காரர் கேட்ட தொகை அத்தையைத் திகைக்க வைத்தது, தூரத்தைக் காட்டிப் பேசியதும் குறைத்தார். மாமா விலைப்பட்டியல், இயந்திரப் படம் எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே இறக்கி வைத்திருந்ததால் தொழிற்சாலையில் வைஃபை கேட்க வேண்டி வரவில்லை. அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ், இலவசம். இடர் முகாமைத்துவ நிலையம் 117. இரண்டையும் இருவரின் போனிலும் பெயர் போட்டுச் சேமித்தேன். குளிரில் பற்றரி வேகமாக இறங்கும், பவர் பேங்க் கட்டாயம்.

பஸ் நேரத்துக்கு மட்டும் நம்பிப் பார்க்கக்கூடிய செயலி எனக்குக் கிடைக்கவில்லை. டவுனிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பஸ்தான் எங்கள் சனத்துக்கு உயிர், அதற்கு ஒன்று கட்டாயம் வர வேண்டும். இப்போதைக்கு கண்டக்டரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்வதுதான் வழி. மாமாவும் இரண்டு பேருடைய நம்பரை வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார், அடுத்த முறை தனியாக வருவாராம்.