உன்னிச்சையில் மாசி மழை

உன்னிச்சைக் குளத்துக்குப் போய்வந்த கதையை பஸ் கட்டணம், ஆட்டோக் கூலி என்று செலவுக் கணக்கிலிருந்தே தொடங்க எண்ணினேன். ஆனால் ஆயித்தியமலைக்கு அப்பால் கண்ட ஈரத்தை எழுதாமல் கணக்குக்குள் நுழைய மனம் வரவில்லை. மார்கழியிலும் தையிலும் பெய்ய வேண்டிய மாரி பொய்த்துப்போய், மாசியில் வந்த தாழமுக்கம் இடியும் காற்றுமாகக் கொட்டித் தீர்த்த பின்னரே, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை சற்று மூச்சு விட்டிருக்கிறது.

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலம், வவுணதீவு வழியாக ஆயித்தியமலை வரை பஸ் பயணத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. அங்கிருந்து உன்னிச்சைக் குளத்துக்குப் போக ஆட்டோக்காரர் ஒருவர் 3000 ரூபாய் கேட்டார். வெள்ளம் பாதையை அரித்துவிட்டது என்றார். போய்ப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டுமே பாதையின் கிறவல் (சரளை மண்) கரைந்திருந்தது. பேசிப்பேசி 2500 ரூபாய்க்கு இறக்கியும் அன்றைய என் செலவுப் பணத்தில் பாதி அதிலேயே போயிற்று. அது நியாயமான கூலியே அன்று.

அணைக்கட்டில் ஏறி நின்றபோது நீர் இன்னும் வெகு தொலைவில்தான் கிடந்தது. பாளம் பாளமாக வெடித்திருந்த குளத்துத் தரையில் பிளவுகளின் விளிம்புகள் இளகி மூடத் தொடங்கியிருந்தன. மாடுகளின் குளம்பு பதிந்த குழிகளிலெல்லாம் கலங்கிய மழைநீர் நின்றது. மட்டக்களப்பு நகருக்கும் குடிநீர் இக்குளத்திலிருந்தே போவதால், இது படுவான்கரையின் கவலை மட்டும் அன்று.

வறட்சி தீர்ந்துவிட்டது என்று நகரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. காய்ந்த நிலம் முதல் மழையைத் தானே குடித்துவிடும். மண் நிறைந்த பிறகு வழிந்தோடுவதுதான் குளத்தைச் சேரும். மழையை மட்டும் நம்பிய மானாவாரி வட்டைகளில் (வயல்வெளிகளில்) கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் நீரின்றிப் பதராகிப்போன நெல்லை எந்த மழையாலும் மீட்க முடியாது. தப்பிய கொஞ்சத்தை அறுத்துப் போட்ட இடத்தில் கதிர்கள் நனைந்து முளைவிட்டிருந்ததையும் கண்டேன்.

“கிணத்துக்குக் காணும் மனே, குளத்துக்குக் காணாது” என்றார் வாடியில் (குடிலில்) இருந்த முதியவர். பெய்த மழை கிணற்றுக்குப் போதும், குளத்துக்குப் போதாது என்கிறார். குளத்து நீர்மட்டத்தைப் பார்த்தே கோடையில் செய்யும் சிறுபோக நெல்லுக்கு எத்தனை ஏக்கர் என்று, விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள் என்பதால், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர்கள் இன்னொரு மழையை எதிர்பார்த்திருக்கிறார்கள்.

அவர் வீட்டில் உண்ட சிவப்பரிசிச் சோற்றுக்கும் குளத்து மீன் குழம்புக்கும் ஈடாக நகரத்துக் கடை எதையும் என்னால் சொல்ல முடியாது. புல் கருகி எருமைப் பால் குறைந்திருந்த வேளையிலும் ஒரு சட்டித் தயிரை எனக்காக எடுத்து வைத்தார்கள். காசு கொடுக்க எவ்வளவோ முயன்றும் வாங்கவில்லை.

போகிறவர்கள் ஆட்டோவில் ஏறுமுன்பே திரும்பி வருவதற்கும் சேர்த்துக் கூலியைப் பேசிவிடுங்கள். மாலை பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் வரும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.