வேலைக்குப் போன பாம்படம்

வங்கியில் நகைக்கடன் மேசையில் உட்கார ஆரம்பித்து 20 வருஷம் ஆகிறது. கிளை மாறும், மேலாளர் மாறுவார், எனக்கு மட்டும் போகிற இடத்திலெல்லாம் அதே மேசைதான். கூட்டத்தைச் சமாளிப்பாள் என்று பெயர் வாங்கிவிட்டேன், அதுதான் வினை.

இந்த மேசைக்கு வரும் நகைகள் பெரும்பாலும் மருந்துக்கடைக் கவரிலோ முந்தானை முடிச்சிலோதான் வரும். சில பெண்கள் கவுண்டருக்கு வந்த பிறகுதான் கழற்றுவார்கள். அப்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். கூட வந்த புருஷன் நாலடி தள்ளி நின்று போனை நோண்டுவார். தாலிச் செயினைக் கொண்டுவருகிறவர்கள் வீட்டிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். கயிறு புதுசாக, ஈரமஞ்சள் வாசனையோடு இருக்கும். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், அந்த மஞ்சளே சொல்லிவிடும்.

எனக்கு இதில் ஒன்று மட்டும் ஆரம்பத்திலிருந்தே புரியாமல் இருந்தது. ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறார்கள்? நான் வளர்ந்த வீட்டில் நகை அடகுக்குப் போவது அவமானமாக இருந்ததே இல்லை. "ஆச்சி, பாம்படம் எங்க?" என்று கேட்டால், "வேலைக்குப் போயிருக்குட்டி, மாசியில வந்துரும்" என்பாள் ஆச்சி. ஏதோ மாமா மெட்ராசுக்குப் போனதைச் சொல்கிற மாதிரி.

பாம்படம் என்றால் இப்போது பலருக்குத் தெரியாது. தென்மாவட்டத்துக் கிழவிகளின் காதில் தோள் வரைக்கும் தொங்குமே, அது. உருண்டையும் சதுரமும் தட்டுமாக, ஒன்றோடொன்று கோத்த கட்டிடம் மாதிரி இருக்கும். அதைப் போடுவதற்கே காதை வளர்க்க வேண்டும். சிறுவயதில் குத்தி, பஞ்சைத் திணித்து, ஓலைச் சுருள் வைத்து, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டி, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாக்குவார்கள். ஆச்சியின் காதுத் துளையில் நான் நாலு விரலை விட்டு விளையாடியிருக்கிறேன். அவள் வயதுக்காரிகள் பலர், பேத்திமார் கேலி செய்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் காதை அறுத்துத் தைத்துக் கம்மலுக்கு மாறினார்கள். ஆச்சி மாறவில்லை. "தைச்சுட்டா அது வந்து எங்க உக்காரும்?" என்பாள்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காடு எங்களுக்கு. மானாவாரிதான், மழை வந்தால் உண்டு. புரட்டாசியில் விதைக்கக் காசு வேண்டும். மாசி, பங்குனியில் பருத்தியும் மல்லியும் மிளகாயும் வீட்டுக்கு வந்தால் கையில் காசு புழங்கும். பாம்படம் போவதும் வருவதும் இந்தக் கணக்கில்தான். வருஷத்தில் ஆறு மாதம் ஆச்சியின் காது சும்மா தொங்கும். குனிந்து கூட்டும்போது இரண்டு பக்கமும் ஆடும். எனக்கு அந்தக் காதுதான் ஆச்சியின் முகம்.

அடகு வைத்தது டவுனில் ஒரு வட்டிக்கடையில். மூணு வட்டி. அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், வருஷத்துக்கு 36. இன்றைக்கு என் மேசையில் இருந்து பார்த்தால் வயிறு எரிகிறது. அந்த வட்டிக்காகவே ஆச்சி தீப்பெட்டி ஒட்டினாள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. மத்தியானம் முழுக்கத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, மைதாப் பசையை விரலால் இழுத்து, அடுக்கிக்கொண்டே போவாள். பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும், கை நிற்காது. மழை பொய்த்த வருஷங்களில் அசலைத் திருப்ப முடியாது, வட்டியை மட்டும் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவாள். அவளுக்கு இருந்த ஒரே பயம் நகை முங்கி, திருப்ப முடியாமல் போய்விடக் கூடாது என்பதுதான்.

அவள் ஏன் வங்கிக்குப் போகவில்லை என்று வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வேலை எப்படி என்றால், முதலில் மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் இழுத்து, கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் விடுவார். செம்பு அதிகம் கலந்திருந்தால் கோடு கரைந்துவிடும். அப்புறம் தராசு. மொத்த எடை ஒன்று, நிகர எடை ஒன்று. கல், முத்து, நூல், அழுக்கு எல்லாவற்றையும் கழித்து நிற்பதுதான் நிகர எடை. அதற்குத்தான் கடன். 100 ரூபாய் பெறும் தங்கத்துக்கு 75 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது நான் பெரும்பாலும் பார்த்த விதி. 2025-ல்தான் ரிசர்வ் வங்கி இரண்டரை லட்சம் வரையிலான கடன்களுக்கு அதை 85 என்று தளர்த்தி அறிவித்தது. எல்லாம் முடிந்து நகை உறைக்குள் போய், பெட்டக அறையில் இரண்டு சாவி போட்டுப் பூட்டப்படும். ஒன்று என்னிடம், ஒன்று மேலாளரிடம்.

பாம்படம் இதில் எங்கே இடிக்கிறது என்றால், அது கெட்டி நகை இல்லை. மெல்லிய தங்கத் தகட்டைக் கூடாகச் செய்து உள்ளே அரக்கு ஊற்றியிருப்பார்கள். அரக்கு எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று உடைக்காமல் சொல்ல முடியாது. அதனால் எங்கள் கிளையில் வாங்குவதில்லை.

சேர்ந்த இரண்டாம் வருஷம். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. ஒரு கிழவி மடியிலிருந்து துணி முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடிப் பாம்படத்தை வைத்தாள். மதிப்பீட்டாளர் என்னைப் பார்த்தார். "அரக்கு நகையெல்லாம் எடுக்க மாட்டோம் பாட்டி, தள்ளிக்கோங்க, பின்னால ஆள் நிக்காங்க" என்றேன். கிழவி ஒன்றும் பேசவில்லை. முடிச்சை மறுபடி போட அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. விரல் வளையவில்லை. நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டேன்.

ராத்திரி இதை ஆச்சியிடம் சொன்னேன். விதியைத்தான் விளக்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. முழுக்கக் கேட்டுவிட்டு ஆச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தாளோ. தண்ணி குடிக்கியளான்னு கேட்டியா?"

கேட்கவில்லை.

அப்புறம் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் ஒரு குடமும் வைக்கச் சொன்னேன். இது ஒன்றும் பெரிய சீர்திருத்தம் இல்லை. ஏலத்துக்குப் போகும் கணக்குகளுக்கு அலுவலகத்திலிருந்து பதிவுத்தபாலில் நோட்டீஸ் போகும். அதற்கு முன்பே நான் ஒரு போன் போட்டு, "வட்டியையாவது கட்டி மாத்தி வைங்க" என்று சொல்லிவிடுவேன். சிலர் திட்டுவார்கள். திட்டட்டும்.

ஒரு விஷயம் அன்றைக்கு ஆச்சியும் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. 2004-ல் வங்கித் தேர்வுப் பயிற்சிக்குத் திருநெல்வேலியில் தங்கிப் படிக்க எனக்குப் பணம் கட்டியது அந்தப் பாம்படம்தான். எனக்கு வேலை வாங்கித் தந்த நகையை நான் வேலை பார்க்கும் இடத்தில் அடகு வைக்க முடியாது.

ஆச்சி 2016-ல் போனாள். எண்பதைத் தொட்டிருப்பாள் என்று ஒரு கணக்கு. கடைசி பத்து வருஷம் பாம்படம் எங்கும் போகவில்லை, அவள் காதிலேயே இருந்தது. "ரிட்டயர் ஆயிட்டு" என்பாள். பதினாறாம் நாள் கழிந்ததும் மாமா, அம்மா, சித்தி மூன்று பேரும் அதை அழித்துப் பங்கு பிரித்துக்கொள்வது என்று முடிவானது. எனக்கு மனசில்லை. ஆனால் பேத்திக்கு அதில் பேச்சு கிடையாது.

எங்கள் ஊரில் அந்தப் பாம்படத்தை ஆறு பவுன் என்பார்கள். நான் பிறந்ததிலிருந்து ஆறு பவுன்தான். பவுன் இருபதாயிரத்துக்கு மேல் விற்ற நேரம், ஆளுக்கு இரண்டு பவுன் என்று மாமா மனக்கணக்குப் போட்டிருந்தார். ஆசாரி பட்டறையில் எல்லோரும் சுற்றி நின்றோம். சூடு பட்டதும் உள்ளிருந்து அரக்கு கறுப்பாக இளகி வழிந்தது. கோயில் தூபத்துக்கும் எரிந்த ரப்பருக்கும் நடுவே ஒரு வாசனை. ஊதி உருக்கி எடை போட்டால் 21 கிராம் 640 மில்லி. மூன்று பவுன்கூட இல்லை.

மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. ஆசாரி கை வைத்துவிட்டார் என்று வாய்வரை வந்துவிட்டது. நான் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 20 வருஷத்தில் பாதி அப்போதே இந்த மேசையில் போயிருந்தது, ஆனால் நான் ஒரு நாளும் ஆச்சி காதில் தொங்கியதை நகையாக எடை போட்டுப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து ஆச்சியின் தகரப்பெட்டியிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தேன். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. வீட்டில் எந்தப் பிள்ளை எழுதப் படிக்கிற வயதில் இருக்கிறதோ அதைக் கூப்பிட்டு எழுதச் சொல்வாள். தேதி, கடை, ரூபாய், எதற்கு என்று வரிசையாக. முதல் பக்கங்கள் மாமாவின் எழுத்து, அப்புறம் அம்மா, சித்தி, கடைசியில் நான். திருப்பிய பிறகு குறுக்கே ஒரு கோடு போட்டு, 'திருப்பியாச்சு'.

ஒவ்வொரு பதிவிலும் ரூபாய்க்கு முன்னால் ஒரே வரி இருந்தது: 'பாம்படம் ஜோடி 1, அரக்கு போக இரண்டே முக்கால் பவுன்.' 1966-லும் அதே. 1993-ல், பதினோரு வயதில், என் கோணல் எழுத்திலும் அதே. என்னவென்று தெரியாமலே எழுதியிருக்கிறேன். அம்மாதான் அப்போது சொன்னாள்: கல்யாணத்துக்குச் செய்தபோது ஆச்சி ஆசாரி வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம், தங்கத்தைத் தகடு அடிக்கும் முன்னால் எடை போட்டதை அவளே பார்த்தாளாம். இரண்டே முக்கால் பவுனுக்கு 22 கிராம். அறுபது வருஷத் தேய்மானம் ஒரு கிராம்கூட இல்லை.

ஆறு பவுன் என்று ஊர் சொன்னதை அவள் ஒரு நாளும் மறுத்ததில்லை. ஆமாம் என்று சொன்னதும் இல்லை.

நோட்டை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு, பக்கத்தைத் தள்ளிக்கொண்டே வந்தவர், 1973-ல் நின்றுவிட்டார். அவர் கையெழுத்துதான். 'பாலிடெக்னிக் பீஸ்.' அதன் கீழே மூன்று வருஷத்துக்கு 'வட்டி மட்டும்', 'வட்டி மட்டும்' என்று போய், அப்புறம்தான் அந்தக் கோடு. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார்.

"காப்பி இருக்காட்டி?" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். ஆசாரிக்குப் போன் பண்ணி, கூலியை நாளைக்கு வந்து தருவதாகச் சொன்னார்.