த் போய் ந் வந்த இடம்

"ஏம்மா, அழித்தனர்னு எழுதியிருந்தேன். அழிந்தனர்னு அச்சாகியிருக்கே?"

நான் மெய்ப்பு பார்த்த தேர்வு கைடுக்கு வரலாறு எழுதிய சார் போனில் கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் இத்தனை நாள் மனதில் தங்கியிருக்காது. "தேர்வு கைடு சார், நடுநிலையா இருக்கட்டும்னு மாத்தினேன்" என்றேன். "நடுநிலைன்னா யாருக்கும் யாருக்கும் நடுவுலம்மா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பண்டா தீவுகளைப் பற்றிய பத்தி அது. இந்தோனேசியாவின் மலுக்குப் பகுதியில் உள்ள சின்னஞ்சிறு தீவுகள். ஜாதிக்காயும், அந்தக் கொட்டைமேல் சிவப்பு வலைபோல ஒட்டியிருக்கும் ஜாதிபத்திரியும் உலகத்துக்கு அப்போது அங்கிருந்துதான் போயின. 1512-இல் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1602-இல் டச்சுக்காரர்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலரிடம் கையெழுத்து வாங்கி, இனி எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்றார்கள். சோற்றுக்கு வெளியூர்க் கப்பலை நம்பியிருந்த தீவு அது. அரிசி கொண்டுவந்தவனுக்குக் காய் கொடுக்காமல் எப்படி இருப்பார்கள்? கொடுத்தார்கள். 1621-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையோடு வந்து இறங்கினார். பெரியவர்கள் 44 பேரை ஜப்பானியக் கூலிப்படையினரை வைத்து வெட்டிக் கொன்றார்கள். ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் மிஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். நிலத்தைத் தோட்டங்களாகக் கூறுபோட்டு, அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள்.

"பண்டா மக்களை டச்சுக்காரர்கள் ஏறக்குறைய முழுவதுமாக அழித்தனர்" என்பது சார் எழுதிய வரி. நான் 'டச்சுக்காரர்கள்' மேல் சிவப்புக் கோடு போட்டேன். 'மக்களை' என்பதில் இருந்த உருபை எடுத்தேன். த்-ஐ அடித்து ந் எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

காரணம் இல்லாமல் மாற்றவில்லை. முந்தைய பதிப்பில் ஒரு வரி 'உணர்ச்சிவசமாக' இருக்கிறது என்று புகார் வந்து, மேலாளர் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார். தவிர, எல்லோரும் வாளுக்கு இரையாகவில்லை. மலையேறிப் பதுங்கியவர்களில் பலர் பசியிலும் நோயிலும் போனார்கள். அதைச் சாரிடமும் சொன்னேன். "மலையைச் சுத்தி வளைச்சது யாரும்மா?" என்றார். பிறகு அவராகவே, "அந்தக் காயை வாங்க நம்ம சோழமண்டலக் கரைத் துணியைத்தான் டச்சுக்காரன் கொண்டு போனான். 1613-லயே பழவேற்காட்டுல கோட்டை கட்டிட்டான்" என்றார். அதற்கும் நான் மாற்றிய எழுத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்று விளங்கவில்லை. இன்றைக்கும் பாதிதான் விளங்குகிறது. நம் நெசவாளி தறியில் இறக்கிய துணிக்கும் அந்த வரியில் இடம் உண்டு என்று சொல்லவந்தாரோ என்னவோ.

தன்வினை, பிறவினை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது. மரம் விழுந்தது, மரத்தை வீழ்த்தினான். இருபது வருடமாக மெய்ப்பு பார்க்கிறேன். இந்த ஒற்றெழுத்தை மாற்றும்போது செய்தவனை வரியிலிருந்து வெளியே அனுப்புகிறேன் என்று தோன்றவே இல்லை. தோன்றியிருந்தும் செய்திருப்பேனா? தெரியவில்லை. அந்தப் புகார் அப்போது அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

மறுபதிப்பு வந்தபோது சரிசெய்யலாம் என்று உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, தப்பிய பண்டா மக்களில் ஒரு பகுதியினர் படகேறிக் கெய் தீவுகளுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பண்டா எலி என்ற ஊரில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் பண்டா மொழியைப் பேசுகிறார்கள். பண்டாவிலேயே அந்த மொழி இல்லை. அப்படியென்றால் 'அழிந்தனர்' என்று முடித்துவிடவும் முடியாது. சாருடைய 'முழுவதுமாக'வும் அவர்களை மறைத்துவிடுகிறது. 'ஏறக்குறைய' என்ற ஒரு சொல்லுக்குள் ஓர் ஊரே உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. 'டச்சுக்காரர்கள்', 'மக்களை', 'அழித்தனர்' மூன்றையும் திரும்ப வைத்ததும் அந்த வரி நிரம்பிவிட்டது. கெய் தீவு வரியை எழுதிய துண்டுத்தாள் என் மேஜை டிராயரில் இருக்கிறது. சாருக்குப் புதுப் பிரதி அனுப்பினேன். கிடைத்தது என்று மட்டும் சொன்னார். அந்த வரியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.